எதிர் நாற்காலிக்கு ஆள் பார்ப்பவள்

இருசாயியை நான் முதலில் பார்த்தது எட்டு வருஷத்துக்கு முன்பு, கொல்லிமலையில் ஆடித் திருவிழா நடந்தபோது. நாற்காலிகள் சங்கிலியில் தொங்கிப் பறக்கும் என் ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் ஏறவில்லை. கயிற்றுக்கு வெளியே, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, காலையிலிருந்து நின்றாள். சும்மா நிற்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஏறுகிறவனுக்கு இடைஞ்சல். மத்தியானம் கூட்டம் குறைந்ததும், "ஏம்மா, ஏறறதுன்னா ஏறு. இல்லாட்டித் தள்ளி நில்லு" என்றேன்.

"ஏறறதுக்கு வரலீங்க. ஒரு சந்தேகமுங்க."

"என்ன சந்தேகம்?"

"அந்தா, அந்த நீலச் சட்டைக்காரரு தொண்ணூறு கிலோ இருப்பாரு. அவுருக்கு முன்னாடி போற புள்ள முப்பதுகூட இருக்காது. சுத்தறப்ப ரெண்டு பேரும் ஒரே மட்டத்துக்குத்தான் எந்திரிக்கறாங்க. கனத்த ஆளு கீழயில்லீங்க தொங்கோணும்?"

"போம்மா, போயி வேலையப் பாரு" என்று விரட்டிவிட்டேன்.

அவள் போனபின் நிமிர்ந்து பார்த்தேன். அவள் சொன்னது சரி. பன்னிரண்டு நாற்காலிகளும், கோடு போட்டது மாதிரி ஒரே மட்டத்தில் பறந்தன. நீலச் சட்டைக்காரன் ஒரு விரல்கூடத் தாழவில்லை. அந்த ராட்டினத்தை என் கையால் அறுத்து, வெல்டிங் வைத்து, நாலு வருஷமாகச் சுற்றிக்கொண்டிருந்தவன் நான். அதுவரைக்கும் அதை நான் பார்க்கவில்லை.

என்னைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பேர் செல்வம். ஊர் அடிவாரத்தில் முள்ளுக்குறிச்சி. படிப்பு ஏழாவதோடு சரி. வெல்டிங் பட்டறையில் வளர்ந்தவன். ஊரில் மேஸ்திரி என்பார்கள். ராட்டினம் செய்யும் யோசனை ஒரு பழைய லாரியைப் பிரிக்கும்போது வந்தது. லாரியின் பின் அச்சைப் படுக்க வைத்துப் பார்த்தால் அது லாரி. தூக்கி நிறுத்திப் பார்த்தால் ராட்டினம். கீழ்ப்பக்கச் சக்கரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த முனையை இரும்புச் சட்டத்தில் நட்டேன். மேல்முனையில் சக்கரம் மாட்டும் இடம் வானத்தைப் பார்த்துச் சுற்றும். சக்கரத்தைப் பிடித்திருந்த பத்துப் போல்ட்டில் ஒரு கம்பத்தை மாட்டி, கம்பத்தின் தலையிலிருந்து பன்னிரண்டு கைகளை நீட்டினேன். கைக்கு ஒரு நாற்காலி, நாலு சங்கிலி. பிரேக்குக்குத் தனியாக எதையும் தேடவில்லை. லாரியின் பிரேக் டிரம் அங்கேயே இருக்கிறதே! பக்கத்தில் ஒரு மோட்டார், பெல்ட்டு, கியர் பெட்டி. முதல் கியரில் நிமிஷத்துக்குப் பதினோரு சுற்று. ரெண்டாவது கியருக்குப் போகவே முடியாதபடி ஒரு தகட்டை வைத்து அடைத்துவிட்டேன்.

எல்லாம் சரி, கைகளில்தான் கோட்டை விட்டேன். பதினாறு அடிக் கைகளை ஒரே பைப்பில் செய்து லாரியில் ஏற்றினேன். பைப்புகள் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தன. மலைப்பாதையில் நாலாவது வளைவிலேயே லாரியின் பின்பக்கம் சுவரோரம் இடித்து நின்றுவிட்டது. முன்னால் பஸ், பின்னால் கரும்பு டிராக்டர். இன்றுவரை என்னோடு இருக்கும் யுவராஜ்தான் அப்போதும் டிரைவர். இறங்கி வந்து பைப்பைப் பார்த்தான், வளைவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "மேஸ்திரி, மலைய நேராக்கறதா, பைப்ப ஒடைக்கறதா, சீக்கிரம் சொல்லுங்க" என்றான். ரிவர்ஸிலேயே அடிவாரம் வந்து, கைகளை எட்டடியாக அறுத்து, ரெண்டு துண்டுக்கும் நடுவில் தட்டு வைத்து ஆறு போல்ட்டில் இணைத்தேன். இன்றைக்கும் என் ராட்டினத்தில் எட்டடிக்கு மேல் நீளமான சாமான் கிடையாது. மலை போட்ட அளவு அது.

இருசாயிக்கு வருகிறேன். மலையில் குண்டூர் நாடு என்கிற ஊர்க்கூட்டத்தில் ஒரு சிற்றூர் அவளுக்கு. மூன்றாம் வகுப்பு வரைதான் பள்ளிக்கூடம். புருஷன் சின்னான் மரவள்ளியும் சாமையும் போடுகிற ஆள், அதிகம் பேசமாட்டான். ரஞ்சிதா என்று ஒரு மகள், கட்டிக்கொடுத்தாகிவிட்டது. கிழங்கு லாரி ஏற்றும் இடத்தில் எடைத் தராசுக்குப் பக்கத்தில் ஒன்பது வருஷம் வேலை பார்த்திருக்கிறாள். மூட்டை தராசில் ஏறும் முன்பே எடையைச் சொல்லிவிடுவாளாம். முதலில் வேடிக்கைக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். அப்புறம் அதுவே பழக்கமாகி, ரோட்டில் போகிற மனிதர்களையெல்லாம் மூட்டையாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

அடுத்த நாளும் வந்தாள். இந்த முறை நானே கூப்பிட்டேன். "உன் சந்தேகம் தீந்துச்சா?"

"பாதி தீந்துச்சுங்க. ராத்திரி பூரா யோசிச்சேன். கனத்த ஆள மண்ணு பலமா கீழ இழுக்குது. சுத்தறப்ப அதே ஆளு பலமா வெளிய ஓடப் பாக்கறான். லேசான புள்ளைக்கு ரெண்டுமே லேசு. ரெண்டும் சேந்தே கூடுது, சேந்தே கொறையுது. அப்பறம் மட்டம் எப்படிங்க மாறும்?"

நான் பீடியைக் கீழே போட்டேன். "மிச்சப் பாதி?"

"நாற்காலிக்கு எடை தெரியாது, சரிங்க. நடுக்கம்பத்துக்குத் தெரியுமில்ல? ஒரு பக்கம் தொண்ணூறு கிலோ இழுக்குது, எதிர்ப்பக்கம் முப்பது. கம்பம் எந்தப் பக்கம் சாயும்? அதத்தான் காத்தால இருந்து பாத்துக்கிட்டிருக்கேன். நீங்க ஆள மாத்தி மாத்தி ஒக்கார வெக்கறீங்க. தலையாட்டுது."

அன்றைக்கே வேலைக்கு வைத்துக்கொண்டேன். ராட்டினத்தில் ஆட்களை உட்கார வைப்பதுதான் பாதி வேலை. எதிரெதிர் நாற்காலிகளில் ஏறக்குறைய ஒரே எடை இருக்க வேண்டும். நான் கத்திக் கத்திச் செய்ததை அவள் வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தபடியே செய்தாள். "சாமி, நீ பச்சைக்குப் போ. அக்கா, நீங்க இந்தப் பச்சைக்கு." எதிரெதிர் நாற்காலிகளுக்கு ஒரே வண்ணம் அடிக்கச் சொன்னதும் அவள்தான். ஆறு வண்ணம், ஆறு ஜோடி. எடை ஒத்துவராவிட்டால் லேசான பக்கத்து நாற்காலிக்கு அடியில் பத்துக் கிலோ மணல் மூட்டை ஒன்றைக் கொக்கியில் மாட்டுவாள்.

பெரிய தொல்லை குடும்பங்கள்தான். பக்கத்தில் பக்கத்தில்தான் உட்காருவோம் என்று நிற்பார்கள். நாமக்கல்லிலிருந்து வந்த ஒரு புது மாப்பிள்ளை, பெண்டாட்டியை எதிரில் உட்கார வைக்கமாட்டேன் என்று ரகளை செய்தான்.

"புருசனும் பொண்டாட்டியும் எதிரும் புதிருமா இருக்கறது என்னுங்க புதுசு?" என்றாள் இருசாயி. "இப்பவே பழகிக்கோங்க."

வரிசை முழுக்கச் சிரித்தது. அந்தப் பெண்ணே போய் எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

எட்டு வருஷம் அவள் உட்கார வைத்தாள், யுவராஜ் ஓட்டினான். ஓட்டுவதென்றால் மோட்டாரை ராட்டினத்தோடு சேர்க்கும் நெம்புகோலான கிளட்ச் கட்டையும் பிரேக்கும்தான். பார்க்கச் சுலபம். கிளட்சைப் பட்டென்று விட்டால் கைகள் முன்னே ஓடும், நாற்காலிகள் பின்தங்கும், அப்புறம் ஒரே பாய்ச்சலாக முன்னால் வரும். உட்கார்ந்திருப்பவன் குடல் வாய்க்கு வந்துவிடும். கொஞ்சம் விட்டு, நாற்காலிகள் வந்து சேரும்வரை பொறுத்து, இன்னும் கொஞ்சம் விட வேண்டும். நிறுத்தும்போதும் அப்படித்தான். மோட்டாரை அணைத்துவிட்டு அது தானாகக் களைக்கும்வரை காத்திருந்து, கடைசி ரெண்டு சுற்றில்தான் பிரேக்கைத் தொட வேண்டும். யுவராஜுக்குப் பொறுமை கம்மி. "தம்பி, நாற்காலி இன்னும் வந்து சேரல, பொறு" என்று இருசாயி வெளியிலிருந்து கத்துவாள். "அக்கா, நீங்களே வந்து ஓட்டுங்க" என்பான் அவன்.

அவளுக்கு ஆசை அதுதான். ரெண்டு மூன்று முறை என்னிடம் கேட்டிருக்கிறாள். "அந்தக் கட்டைய இழுக்க அம்பது கிலோ பலம் வேணும். நீயே நாப்பத்தஞ்சு கிலோ" என்பேன் நான்.

"கடப்பாரை நீளமானா கல்லு லேசாவுதுங்களே. கட்டைக்கு மேல ஒரு பைப்ப மாட்டுனா?"

"பைப்பையெல்லாம் மாட்ட வேண்டாம். நீ ஆள உக்கார வை."

உண்மையைச் சொன்னால், பலம் ஒரு சாக்கு. ஒரு பெண் பிள்ளை கையில் கட்டையைக் கொடுத்தால் ஏறுகிறவர்கள் பயப்படுவார்கள் என்று நினைத்தேன். அவள் அதைப் புரிந்துகொண்டுதான் மேலே பேசாமல் விட்டிருப்பாள்.

இந்த வருஷத்துக்கு வருகிறேன். நாங்கள் வழக்கமாகப் போடும் இடம் இந்த வருஷம் கிடைக்கவில்லை. வாசலூர்பட்டியில், படகு விடும் ஏரிக்கு மேலே ஒரு புன்செய்க் காடு கிடைத்தது. மலையில் சமதரை கிடைப்பதே அதிசயம். இது பலகை மாதிரி இருந்தது, மேலெல்லாம் புல். டியூபில் தண்ணீர் ஊற்றிச் சட்டத்தின் நாலு காலுக்கும் மட்டம் பார்த்தேன். நூல் பிசகவில்லை. கட்டைகளைப் போட்டு, சட்டத்தை இறக்கி, ரெண்டே நாளில் ராட்டினத்தை நிறுத்திவிட்டோம். இருசாயி அப்போது இல்லை. சாமைக்குக் களையெடுத்துவிட்டுத்தான் வருவேன் என்று சொல்லியிருந்தாள். மூன்றாம் நாள் காலையில் வந்தாள். மறுநாள் பத்து மணிக்கு இன்ஜினியர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால்தான் திருவிழாவில் சுற்றலாம்.

வெறும் ராட்டினத்தைச் சுற்றினோம். பம்பரம் மாதிரி நின்றது. ஆட்களை வைத்துப் பார்ப்போம் என்று பக்கத்திலிருந்தவர்களைக் கூப்பிட்டோம். காசில்லாமல் என்றதும் பன்னிரண்டு பேர் ஓடி வந்தார்கள். இருசாயி உட்கார வைத்தாள். யுவராஜ் கட்டையை விட்டான். ஐந்தாவது சுற்றில் கம்பம் தலையாட்ட ஆரம்பித்தது. மெதுவாகத்தான். ஆனால் அந்த ஆட்டத்தை நான் அறிவேன். ஆறாவது சுற்றில் இன்னும் கொஞ்சம். "நிறுத்துடா" என்று கத்தினேன்.

ஆட்களை இறக்கிவிட்டு ஒவ்வொரு போல்ட்டாகத் தட்டிப் பார்த்தேன். எல்லாம் இறுக்கம். பேரிங் நன்றாக இருந்தது. மறுபடி ஆள் வைத்துச் சுற்றினோம். மறுபடி தலையாட்டியது. வெறுமையாகச் சுற்றினால் ஒன்றுமில்லை. ஆள் ஏறினால்தான் ஆட்டம். அப்படியென்றால் தப்பு எங்கே? உட்கார வைத்ததில்தான். வேறெங்கே இருக்க முடியும்?

எனக்குக் கோபம் வந்தால் இடம் பொருள் தெரியாது. அத்தனை பேர் முன்னாலும் கத்திவிட்டேன். "உன் கண்ணு போச்சு இருசாயி. களையெடுத்துக் களையெடுத்து எடை மறந்துட்டே. நாளைக்கு இன்ஜினியர் முன்னாடி இது தலையாட்டுச்சுன்னா பன்னெண்டு வருசப் பேரும் போச்சு. நாளைக்கு மூட்டை வெச்சே காட்டிக்கறேன். நீ ஊட்டுக்குப் போயிரு. இனி வர வேண்டாம்."

காசில்லாமல் ஏறியவர்களில் பாதிப் பேர் அவள் ஊர்க்காரர்கள். அவளை 'ராட்டினக்காரி' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். யுவராஜ் மட்டும், "மேஸ்திரி, கொஞ்சம்..." என்று இழுத்தான். "நீ மூடு" என்றேன்.

இருசாயி அழவில்லை, சண்டையும் போடவில்லை. கம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், முதல் நாள் நின்றாளே அதே மாதிரி.

"போறனுங்க" என்றாள். "போறதுக்கு முன்னாடி ஒண்ணு. எங்க ஊட்டுல திருகை இருக்குது. சாமை திரிக்கறப்ப கடகடன்னு ஆடும். ரெண்டு காரணத்துக்கு ஆடுமுங்க. மேல்கல்லுக்குள்ள தானியம் ஒரு பக்கமா அடைஞ்சிருந்தா, ஆட்டமும் கல்லு கூடவே சுத்தி வரும். இங்கயும் சாயும், அங்கயும் சாயும். அடிக்கல்லு தரையில சரியா ஒக்காரலீன்னா அப்படியில்ல. ஒரே எடத்துலதான் இடிக்கும். அந்தப் பக்கம் மட்டுந்தான். இது எதுன்னு பாத்தீங்களா?"

"மட்டம் நானே பாத்தேன். நூல் பிசகல."

"மட்டம் வேற, பலம் வேறங்க. ஒரு சுத்து விடுங்க. என் கண்ண நம்ப வேண்டாம். ராட்டினமே எழுதிக் காட்டட்டும்."

டீக்கடையில் ஸ்டூல் ஒன்று வாங்கி வந்து, சுற்றாமல் நிற்கும் அச்சுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஸ்டூலின் மேல் ஒரு தட்டு. தட்டில் அடுப்புச் சாம்பலைக் கொட்டி உள்ளங்கையால் சமமாகத் தடவினாள். அச்சில் ஒரு கம்பியை இறுக்கிக் கட்டி, அதன் நுனியை வளைத்துச் சாம்பலைத் தொடும்படி விட்டாள். கம்பம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் கம்பி கோடு போடும்.

"எடை தப்புன்னா வட்டம் போடும். அப்ப நான் பேசாம போயிடறேன். கோடு போட்டா, நீங்க அந்தக் கோடு எங்க காட்டுதோ அங்க வாங்க."

எனக்குக் கோபம் போகவில்லை. ஆனாலும் பார்த்துவிட வேண்டும் போலிருந்தது. அதே பன்னிரண்டு பேர், அதே நாற்காலிகள். யுவராஜ் கட்டையை விட்டான். இந்த முறை பொறுமையாகவே விட்டான். ஐந்தாவது சுற்றில் ஆட்டம் வந்தது. ஏழு எண்ணி நிறுத்தச் சொன்னேன். எல்லாருக்கும் முன்னால் குனிந்து பார்த்தேன்.

வட்டம் இல்லை. விரல் நீளத்துக்கு ஒரு கோடு, ஒரே தடத்தில் போய்ப் போய் வந்திருந்தது. ஒரு முனை கம்பத்தைப் பார்த்தது, மறுமுனை நேராக ஏரியைப் பார்த்தது.

இருசாயி கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஏரிப் பக்கத்துக் காலுக்கு அருகே போனாள். ஓங்கிப் போட்டாள். முழங்கால் ஆழத்துக்கு, தயிரில் இறங்குவது மாதிரி இறங்கியது. மேட்டுப் பக்கத்துக் காலுக்கு வந்து போட்டாள். 'டங்'கென்று சத்தம், சாண் ஆழம்கூட இறங்கவில்லை.

"இது சமதரை இல்லீங்க" என்றாள். "யாரோ மிஷினு வெச்சு மேட்ட வெட்டிப் பள்ளத்துல தள்ளி மட்டம் பண்ணியிருக்காங்க. ஒரு மழை பேஞ்சா புல்லு முளைச்சு எல்லாம் ஒண்ணாட்டம் தெரியும். ஏரிப் பக்கம் பூரா நெரப்புன மண்ணு. எங்க காட்டுலயும் இப்படித்தான், நெரப்புன பக்கம் ஊடு கட்டமாட்டோம். வெறும் ராட்டினம் லேசு, மண்ணு தாங்கிக்கும். ஆள் ஏறுனா அமுங்குது."

அவளை மடக்க எனக்கு இன்னும் ஒரு கேள்வி இருந்தது. "உன் எடை சரியாவே இருந்தா ஆட்டம் எதுக்கு வருது? சும்மா ஒரு பக்கம் சாஞ்சு நிக்க வேண்டியதுதானே?"

"அதுவும் சரிதானுங்க" என்று உடனே ஒத்துக்கொண்டாள். "பத்துக் கிலோ முன்னப்பின்ன எப்பவும் இருக்கும். நான் என்ன தராசா? கெட்டியான தரையில அது தெரியாது. மெத்தை மேல நின்னா தெரியும்."

மலையில் எத்தனையோ திருவிழாவுக்கு ராட்டினம் போட்டவன் நான். மட்டம் பார்த்தேன், மண்ணைப் பார்க்கவில்லை. கீழ்நாட்டுக்காரன் புத்தி. எங்கள் ஊரில் தரை என்றால் அது தரைதான். பாதி தரை, பாதி தரை மாதிரி என்றெல்லாம் கிடையாது.

மன்னிப்புக் கேட்கவெல்லாம் எனக்கு வராது. "டேய் யுவராஜு, மம்புட்டி எடு" என்றேன். அதைக் கேட்டுத்தான் அவள் ஊர்க்காரர்கள் தலையை நிமிர்த்தினார்கள். அவர்களும் இறங்கினார்கள். ஏரிப் பக்கத்து ரெண்டு கால்களையும் ஜாக்கியில் தூக்கிக்கொண்டு, நிரப்பிய மண்ணை எடுத்து எடுத்து, அடிமண் வரும்வரை தோண்டினோம். மூன்றடி போனது. பெரிய கல், நடுக்கல், பொடிக்கல் என்று அடுக்கி இடித்து, மேலே கட்டைகளைப் போட்டு, மறுபடி டியூபில் மட்டம் பார்த்தபோது பொழுது சாய்ந்திருந்தது. இருசாயி கிளம்பவில்லை. நானும் போகச் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. சொன்ன வார்த்தை சொன்னபடியே நடுவில் கிடந்தது.

காலையில் பத்துக்கு இன்ஜினியர் வந்தார். நடுத்தர வயது, கறாரான ஆள். கூடவே போட்டோ எடுக்க ஒரு தடித்த உதவியாளர். போல்ட்டுகளைப் பார்த்தார், சங்கிலிகளை இழுத்துப் பார்த்தார், ரெண்டாவது கியருக்கு நான் வைத்த தகட்டைப் பார்த்துத் தலையசைத்தார். மணல் மூட்டைகளை வைத்துச் சுற்றிக் காட்டினோம். கம்பம் அசையவில்லை.

"ஆளோட சுத்திக் காட்டுங்க" என்றார். "நானே ஏறறேன். ஏறிப் பாக்காம நான் கையெழுத்துப் போடறதில்ல."

வார நாள் காலை, பக்கத்தில் ஆள் நடமாட்டம் இல்லை. முந்தின நாள் மண்ணை அள்ளிக் களைத்தவர்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இருசாயி இன்ஜினியரை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"சாரு எழுவத்தெட்டு. மேஸ்திரி, நீங்க எழுவத்தாறு. நீங்க எதிர் மஞ்சள்ல ஏறுங்க."

"நானா?"

"வேற யாரு இருக்கா? போட்டோக்காரரு தொண்ணூத்தஞ்சு. அவுருக்கு எதிர்ல யுவராஜு தம்பி. அளவெடுத்த மாதிரி இருக்குது."

"எனக்குத் தொண்ணூத்தஞ்சா?" என்றார் போட்டோக்காரர்.

"தொண்ணூத்தாறும் இருக்கும் சாமி. கேமராவோட."

இன்ஜினியர் சிரித்துவிட்டார். நான் சங்கடமாக நின்றேன். ராட்டினம் கட்டி இத்தனை வருஷத்தில் நான் அதில் ஒருமுறைகூட ஏறியதில்லை. "அப்ப ஓட்டறது யாரு?" என்று கேட்டேன்.

"நாப்பத்தஞ்சு கிலோ எதுக்கும் ஈடாகாதுங்க" என்றாள் இருசாயி. "நான் கீழயே நிக்கறேன்."

இன்ஜினியர் ஏற்கெனவே மஞ்சள் நாற்காலியில் உட்கார்ந்து குறுக்குக் கம்பியைப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் முன்னால் என்ன பேசுவது? ஏறினேன். கட்டையைப் பார்த்தேன். அதன் மேல் மூன்றடிப் பைப்பு ஒன்று மாட்டியிருந்தது. எப்போது மாட்டினாள் என்று தெரியவில்லை.

கிளம்பியது எப்போது என்று தெரியாமல் கிளம்பியது. தரை மெதுவாக நகர்ந்தது. கொஞ்சம் விட்டாள். என் நாற்காலி கையோடு வந்து சேர்ந்தது. இன்னும் கொஞ்சம் விட்டாள். சங்கிலி வெளிப்பக்கம் சாய்ந்தது. ஒரு குலுக்கல் இல்லை, பாய்ச்சல் இல்லை. காற்று காதில் அடித்தபோது நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். வெட்கம்தான், என்ன செய்வது? மூடிய கண்ணுக்குள் ஒன்று உறைத்தது. எனக்குப் பதிலாக எதிர் மஞ்சளில் எட்டு மணல் மூட்டை மாட்டியிருந்தால் போதுமே! யுவராஜ் இடத்திலும் மூட்டை வைத்திருக்கலாம். அவன் கீழே நின்று எப்போதும் போல ஓட்டியிருக்கலாம். மூட்டைகள் அங்கேயேதான் கிடந்தன, கொக்கியோடு. எட்டு வருஷம் எடை பார்த்தவளுக்கு அது தோன்றாமல் போயிருக்குமா?

எட்டாவது சுற்றோ ஒன்பதாவதோ, மோட்டார் சத்தம் நின்றது. ராட்டினம் தானாகக் களைத்து, மெல்ல இறங்கி, யாரோ தோளைத் தொட்டது மாதிரி நின்றது.

இன்ஜினியர் இறங்கி நேராகக் கம்பத்தடிக்குப் போனார். அங்கே சாம்பல் தட்டு இருந்தது. இருசாயி கம்பியைக் கழற்றவே இல்லை போல. "இது என்னம்மா?" என்றார். அவள் திருகையில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள், நான் கத்தியதை மட்டும் விட்டுவிட்டு. அவர் குனிந்து பார்த்தார். சாம்பலில் கோடும் இல்லை, வட்டமும் இல்லை. குண்டூசி குத்தியது மாதிரி ஒரு புள்ளி இருந்தது. தன் போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டார்.

அப்புறம் பாரத்தை எடுத்தார். "ஓட்டறவங்க பேரு?"

போன வருஷங்களிலெல்லாம் அந்த இடத்தில் யுவராஜ் பேர்தான். யுவராஜ் என்னைப் பார்த்தான். இருசாயி என்னைப் பார்க்கவில்லை, பைப்பைக் கட்டையிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தாள்.

"பைப்பக் கழட்டாத. வெல்டு வெச்சிரலாம்" என்றேன் அவளிடம். இன்ஜினியர் பக்கம் திரும்பி, "இருசாயின்னு எழுதுங்க சார். குண்டூர் நாடு" என்றேன்.

"நான் பொழைச்சேன்" என்றான் யுவராஜ். "இனிமே எனக்கு லாரி மட்டுந்தான். அக்கா, ஆள உக்கார வெக்கறது யாரு?"

"ஓட்டறவளே ஒக்கார வெப்பா. எடை தெரியாதவன் ஓட்டுனதாலதான் இத்தன வருசம் எல்லாருக்கும் குடலு பொரண்டுச்சு" என்றாள் அவள்.

இன்ஜினியர் ஜீப்பு கிளம்பிப் போன பிறகு அவள் என்னிடம் வந்தாள். முகத்தில் சந்தோஷத்தைவிட அந்தப் பழைய சந்தேகப் பார்வைதான் இருந்தது.

"ஏனுங்க மேஸ்திரி, ஒண்ணு கேக்கோணும். மேல இருந்து பாக்கறப்ப எப்படி இருந்துச்சு? மத்த நாற்காலியெல்லாம் உங்க மட்டத்துலயே வந்துச்சா? கீழ இருந்து பாக்கறது ஒரு மாதிரி, கூடவே பறந்து பாக்கறது வேற மாதிரி இருக்குமில்ல?"

பொய் சொல்லலாம் என்று பார்த்தேன். வரவில்லை. "கண்ண மூடிக்கிட்டேன்" என்றேன்.

யுவராஜ் தரையில் உட்கார்ந்து சிரித்தான். இருசாயி சிரிக்கவில்லை. மணல் மூட்டைகளை எண்ணினாள். எதிர் மஞ்சளில் ஏழரை மூட்டைக்குச் சமமாக மாட்டினாள், அரை மூட்டைக்கு ஒரு கல்லைத் தேடி எடுத்து வந்தாள். யுவராஜை மறுபடி நாற்காலியில் தள்ளி, அவனுக்கும் எதிரில் மாட்டினாள். மஞ்சளுக்குப் பின்னால் வரும் ஜோடியில் நாற்காலிக்கு ஒரே ஒரு மூட்டை, இருபுறமும் பத்துக் கிலோ மட்டும்.

"ஒக்காருங்க. இந்தத் தடவ கண்ணத் தொறந்து பாத்துட்டு வந்து சொல்லோணும்."

உட்கார்ந்தேன். அவள் கட்டையைப் பிடித்தாள். நான் கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். ஏரி வந்தது, போனது. மிளகுக் கொடி ஏறிய மரங்கள் வந்தன, போயின. அதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பக்கத்தில் திரும்பினேன். எனக்கு முன்னால் தொண்ணூற்றைந்து கிலோ யுவராஜ், வாயைத் திறந்துகொண்டு பறந்தான். எனக்குப் பின்னால் பத்துக் கிலோ மணல் மூட்டை, வாலாட்டுகிற நாய்க்குட்டி மாதிரி பறந்தது. யுவராஜின் முழங்காலும் அந்த மூட்டையும் என் முழங்காலும் ஒரே கோட்டில் இருந்தன. ஒரு விரல்கூட ஏற்ற இறக்கம் இல்லை.

"இருசாயி!" என்று மேலிருந்து கத்தினேன். "மூணும் ஒண்ணுதான்!"

"தெரியுமுங்க!" என்று கீழிருந்து கத்தினாள். "நீங்க பாக்கோணுமில்ல!"